தலையில்லாப் பொம்மைகளும் வளையும் வாள்களும்

உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற நாங்கள் யாரைக் கண்டாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை; இடுப்பைத்தான் பார்ப்போம். என்னைப் போலக் கலியாண உடுப்பும் கூத்து உடுப்பும் கழுவித் தேய்த்து, கிழிந்து திரும்பி வருவதைத் தைத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது விளங்கும். கிளிநொச்சியில் கடை வைத்திருக்கும் என்னிடம் போன வருடம் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. ஒரு சனி, ஞாயிறு பொதுமண்டபத்தில் பழைய கால உடுப்புக் கண்காட்சி. மண்டபத்தின் மறுபாதியில், விரும்பினவர்கள் வாள்வீச்சு விளையாடிப் பார்க்கலாம். உடுப்புக்கு நான் பொறுப்பு. வாளுக்கு ரஞ்சன் மாஸ்டர், வவுனியாவில் வாள்வீச்சுப் பழக்குகிறவர். நுனியில் குமிழ் வைத்த, குத்தினால் வளைகிற வாள்கள்தான். ஆனாலும் பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் வாள் என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அரசாண்டவர்கள்

வன்னியில் பழைய உடுப்புத் தேடுவது லேசான வேலை இல்லை. உடுத்த துணியோடு இடம்பெயர்ந்த சனம் இது. நான் கேட்டுப்போன வீடுகளில், "பழசோ பிள்ளை, எங்களிட்டைப் புதுசு மட்டும்தான் இருக்கு" என்று சிரித்தார்கள். கிடைத்தது கொஞ்சம், மிச்சத்தைப் படம் பார்த்து நானே தைத்தேன். வன்னியரசன், போர்த்துக்கேயத் தளபதி, ஒல்லாந்தத் துரை, வெள்ளைக்கார அரசாங்க ஏசண்டர் என்று வரிசையாக நிறுத்தினேன். என் கடைப் பொம்மைகளுக்குத் தலை கிடையாது. துணியைத்தானே பார்க்கப்போகிறார்கள் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் ஆளாக வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொம்மைக்கு முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்து முடித்தார். "எப்பிடி ஐயா?" என்று கேட்டேன். "வடிவாய்ச் செய்திருக்கிறியள் பிள்ளை. எங்களை ஆண்டவையளிலை ஒருதருக்கும் தலை இருக்கேல்லை எண்டதையும் சரியாய்க் காட்டியிருக்கிறியள்."

கழுத்துச் சுருக்கு

நான் அதிகம் பாடுபட்டுத் தைத்தது போர்த்துக்கேயத் தளபதிக்குத்தான். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக, தட்டு மாதிரி விரிந்து நிற்கும் வெள்ளைத் துணி. அதை நிமிர்த்தி வைக்கக் கஞ்சி போட்டே என் கை அவிந்துவிட்டது. மத்தியானம் ஒரு அம்மா வந்து அதன் துணியை விரலால் நிமிண்டினா. "தொடாதேங்கோ" என்று எழுதி வைத்ததற்கு நேர் முன்னால் நின்றுதான் நிமிண்டினா. பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், மகனுக்கு அடுத்த மாதம் கலியாணமென்றும், வரவேற்புக்கு இது கிடைக்குமா என்றும் கேட்டா. கண்காட்சிக்குத் தைத்தது அம்மா, வாடகைக்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவா விடுவதாக இல்லை. "உடுப்பு முழுக்க வேணும் பிள்ளை. இந்தக் கழுத்துச் சாமானை மட்டும் கழட்டிவிடுங்கோ, பொடியன் சாப்பிடவேணும்."

வணக்கம்

முரசுமோட்டையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். வயல் செய்கிறவர்கள். வரும்போதே மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது என்பதில் தொடங்கிய சண்டை, மண்டபத்துக்குள்ளும் மெல்லிய குரலில் நடந்துகொண்டிருந்தது. ரஞ்சன் மாஸ்டர் அதைக் கேட்டாரோ என்னவோ, இரண்டு பேரையும் கூப்பிட்டு வெள்ளை அங்கியும் முகமூடியும் மாட்டி எதிரெதிரே நிறுத்திவிட்டார். "தொடங்க முந்தி ஆளுக்காள் வாளை உயர்த்தி வணக்கம் சொல்லவேணும். அதுதான் இந்த விளையாட்டின்ரை முறை" என்றார்.

மனைவி முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்து, வாளை நாடிக்கு நேரே உயர்த்தி, கணவனைப் பார்த்து மெல்லத் தலை குனிந்தா. பிறகு முகமூடியை மாட்டினா. மாஸ்டர் "தொடங்கு" என்றதும் ஒரே எட்டில் பாய்ந்து நெஞ்சில் குத்தினா. அந்த மனுசன் தடுக்கவே இல்லை. பின்னுக்குப் போனவர் என் வன்னியரசனோடு மோதி, அரசனும் அவரும் ஒன்றாக விழுந்தார்கள். ஓடிப்போய் முதலில் அரசனின் சரிகையைப் பார்த்தேன். பிறகுதான் ஆளைத் தூக்கினேன். "ஏன் அண்ணை வாளைத் தூக்கேல்லை?" என்று மாஸ்டர் கேட்டார். அவர் தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "கலியாணம் கட்டின நாளிலையிருந்து மனுசி எனக்கு வணக்கம் சொன்னது இதுதான் முதல் தரம். பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

படங்கு

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்குத்துணிதான் படங்கு. ஒரு பொம்மைக்குப் படங்கும் தலைக்கயிற்றுக் கூடையும் கட்டி வைத்திருந்தேன். ஞாயிறு காலை கனகராயன்குளத்திலிருந்து ஒரு அக்காவும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் வந்தார்கள். குடும்பம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியது. அக்கா அந்தப் பொம்மைக்கு முன்னால் நின்றவா அசையவில்லை. பிழையாய்க் கட்டிவிட்டேனோ என்று கேட்டேன். "இல்லைங்க, சரியாத்தான் கட்டியிருக்கீங்க. எங்கம்மா இத அவுத்துப் போடத்தான் இவ்வளவு தூரம் வந்துச்சு" என்றா. கழற்றி விடட்டுமா என்றேன். இருக்கட்டும் என்று தலையாட்டினா.

மகள் போனைக் காட்டி, "பக்கத்துல நில்லும்மா, ஒரு படம்" என்றாள். அக்கா நிற்கவில்லை. நேரே மறுபக்கம் போய், வாள்வீச்சு அங்கியும் முகமூடியும் தனக்கும் தரச்சொல்லிக் கேட்டா. பின்பக்க ஸிப்பை நான்தான் இழுத்துவிட்டேன். இடுப்பு கொஞ்சம் இறுக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டா. வாளைப் பிடித்து நிமிர்ந்து நின்றா. என் பொம்மை எதுவும் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. மகள் படம் எடுக்கப்போனாள். அக்கா கையால் மறித்தா. "பொறு, இந்த மூடியக் கழட்டிக்கிறேன். யாருன்னு தெரியணும்."

கால்

ஞாயிறு பின்னேரம் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் ஒருவர் வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர்; ஒரு கால் யுத்தத்தில் போய், செயற்கைக் கால். நெடுநேரம் விளையாட்டைப் பார்த்துவிட்டு, தானும் பிடித்துப் பார்க்கலாமோ என்று கேட்டார். மாஸ்டர் தயங்கினார். "விழுந்திடுவியள் அண்ணை. பிறகு எனக்கு மனம் கேளாது." அவர் பரவாயில்லை என்று என் உடுப்புகளைப் பார்க்க வந்தார். பார்க்க வந்தாரே தவிர, பார்க்கவில்லை. கடை வாசலில் நின்று "சும்மா பாக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அதே முகம்.

இரண்டு கதிரைகளை இழுத்துக்கொண்டு போய் எதிரெதிரே போட்டேன். "மாஸ்டர், உங்களுக்கு இருந்துகொண்டு விளையாடத் தெரியாதோ?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார். "தெரியும் அக்கா. அப்பிடி ஒரு போட்டியே இருக்கு. எனக்குத்தான் யோசனை வரேல்லை." உடனே போய் ஒன்றில் இருந்தார்.

சைக்கிள் கடை அண்ணை மற்றதில் இருக்க, அவரின் கதிரையை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். மனுசனின் கை அவ்வளவு வேகம். மாஸ்டரின் நெஞ்சில் வாள் வளைந்ததும் முகமூடிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. பிறகு மாஸ்டரின் வாள் வழுக்கிக் கீழே போய் அந்தக் காலில் பட்டு 'டொக்' என்றது. "குறை நினையாதேங்கோ அண்ணை. காலிலை பட்டாக் கணக்கில்லை. இந்த வாளாலை காலிலை குத்தக்கூடாது எண்டது சட்டம்" என்றார் மாஸ்டர்.

அண்ணை முகமூடியை உயர்த்தி வியர்வையைத் துடைத்தார். காலை ஒருதரம் குனிந்து பார்த்தார். "நல்ல சட்டம் மாஸ்டர். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம். சரி, வாளைத் தூக்குங்கோ."

இப்படியாக, அந்த இரண்டு நாளும் வாளால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இரத்தம் வந்ததெல்லாம் குண்டூசி ஏறிய என் விரல்களில்தான்.