தேவகியை நான் உள்ளே விடவில்லை

தேவகி அந்தக் கூட்டத்தில் பேச முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். டவர் இல்லை, சிம் இல்லை... நான்! ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் அவள் உள்ளே வந்திருப்பாள். நான் அழுத்தவில்லை. அதோடு விட்டேனா? "உன் நெட்தான் சரியில்லை" என்று பழியையும் அவள் தலையிலேயே போட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கும் தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டினாலும் சரி, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் சரி.

நான் செஞ்சியில் குடியிருக்கிறேன், திருவண்ணாமலை சாலையில் ஒரு மாடி வீடு. பயிற்சி மையம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். திரையில் ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது எனக்குக் கைவந்த கலை. யார் மைக்கை மூடாமல் அடுப்படிச் சண்டையை ஊருக்கே ஒலிபரப்புகிறார்கள், யார் முகத்தைக் காட்டிக்கொண்டே தூங்குகிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நான் பிறந்த ஊர் வல்லம் போகிற வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே அம்மன் கோயில் விழாக்குழுவுக்கு என் பெரியப்பாதான் தலைவர். கோயிலைப் புதுப்பிக்கிற வேலை தொடங்கியபோது, ஊர்க்காரர்களில் பாதிப்பேர் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடந்ததால், கூட்டத்தை இணையத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நடத்திக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசியதே கிடையாது. தள்ளி நின்று கேட்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரின் ஆண்கள் அத்தனை பேருடைய மைக்கும் என் கையில்! என் மனம் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தேவகி என் வகுப்புத் தோழி. அதே ஊர்தான்... ஆனால் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், காலனி. செஞ்சிப் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். இப்போது அவள் விழுப்புரத்தில் நர்ஸ். எங்கள் அம்மன் ஊர்வலம் அவள் தெருவுக்குள் போனதே இல்லை. தெருமுனை வரை போகும், அங்கே ஒரு கற்பூரம் காட்டுவார்கள், அப்படியே திரும்பிவிடும். அவர்கள் முனைக்கு வந்து நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும். இதை ஒரு வழக்கம் என்றுதான் நானும் நினைத்து வளர்ந்தேன். வழக்கம்! எவ்வளவு வசதியான சொல்!

கோயில் புதுப்பித்து முடிந்ததும் ஊர்வலப் பாதையைப் புதிதாக எழுதி வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி அவளுக்கும் எட்டியது. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பக்கவாதம் வந்து அவள் அப்பாவுக்கு, அவள் வாயில் நைனாவுக்கு, நடை போயிருந்த நேரம் அது. தெருமுனைக்குக்கூட வர முடியாத மனிதர். கூட்டத்தின் இணைப்பைக் கேட்டாள். ஊர்ப் பொதுக்கூட்டம்தானே என்று நானே அனுப்பி வைத்தேன். ஆம், நானேதான். என்னிடம் நல்ல மனமும் இருந்தது என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேனோ... தெரியவில்லை.

முதல் கூட்டத்தில் அவள் கையை உயர்த்தினாள். நான் மைக்கைத் திறந்துவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் காலனி முனுசாமி பொண்ணு தேவகி. புதுப் பாதை எழுதறப்ப அம்மன் எங்க தெருவுக்குள்ளயும் ஒரு தபா வந்துட்டுப் போணுங்க. எங்க நைனாவால எழுந்து வர முடியல. அவரு மாதிரி இன்னும் நாலு பேரு இருக்கறாங்க."

அவ்வளவுதான் பேசினாள். மரியாதையாக, நோயாளிக்கு மருந்து சொல்லுகிற நிதானத்தோடு. அதன் பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். ஒரு கேமரா அணைந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். யாரும் மறுக்கவில்லை, யாரும் அவளைத் திட்டவில்லை. நடுவில் அவள் முகம் மட்டும் வெளிச்சமாக, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்று ஒரு கறுப்புக் கட்டம் சொல்லிற்று.

கூட்டம் முடிந்த கையோடு பெரியப்பா அழைத்தார்.

"யாரு அந்தப் பொண்ண உள்ள வுட்டது?"

"பொதுக்கூட்டம்தானே பெரிப்பா..."

"பொது இன்னா பொது. நேரா வராதன்னு சொன்னா நாளைக்கே கேஸு, பேப்பருன்னு போய் நிக்கும். நீ தானே அதுல கதவு தொறக்கறவ? சத்தமில்லாம பாத்துக்க. உன்ன நம்பித்தான் வுட்டிருக்குது."

உன்னை நம்பி! அந்த இரண்டு சொல்லுக்கு நான் விழுந்தேன். பயந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர்களின் காரியம் என் ஒரு விரலில் இருக்கிறதே என்ற பெருமை... அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

காத்திருப்போர் பகுதி என்று ஒன்று உண்டு, வெயிட்டிங் ரூம். அதைப் போட்டுவிட்டால் யாரும் நேரே கூட்டத்துக்குள் வர முடியாது. வந்தவர் பெயர் நடத்துகிறவரின் திரையில் தெரியும். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. வெளியே நிற்பவருக்குச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். விரட்டவும் மாட்டார்கள், அழைக்கவும் மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைப் போட்டேன்.

தேவகி காத்திருக்கிறார் என்று வந்தது. சிங்கப்பூரை உள்ளே விட்டேன். பெங்களூரை விட்டேன். யாரென்றே தெரியாத ஒருவரைக்கூட, எங்கள் தெருக்காரர் பெயர்போல இருந்ததால் விட்டேன். அவள் பெயர் அப்படியே நின்றது. கைப்பேசியில் செய்தி வந்தது.

"உள்ள வுடுடி. சுத்திக்கினே இருக்குது."

"எனக்கு உன் பேரே வரல. நெட் பிராப்ளம் போல" என்று எழுதினேன். எவ்வளவு வேகமாக எழுதினேன் தெரியுமா? யோசிக்கவே இல்லை! அவள் அதை நம்பி வேறு சிம் வாங்கிப் போட்டாள்.

பாதையை முடிவு செய்கிற கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மருத்துவமனையில் பர்மிஷன் போட்டுவிட்டு அவள் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். மருத்துவமனைப் பக்கம் டவர் சரியில்லை, ஊரிலும் கிடைக்காது, செஞ்சியில் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு செய்தி அனுப்பினாள்.

"உங்க ஊட்டாண்டதான்டி இருக்கறேன். இங்க டவர் நாலு கட்டையும் காட்டுது. இன்னிக்கு வந்துடுவேன்."

என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். நான் எழுந்து பார்க்கவில்லை. வா, என் பக்கத்தில் உட்கார், என் மடிக்கணினியிலேயே பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோட்டை பார்க்க வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவள் கையில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய பாதையே தொடரட்டும் என்றார் பெரியப்பா. "ஆட்சேபணை யாருக்காவது உண்டா, கேளும்மா" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். அந்தக் கூட்டங்களில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" ஆட்சேபணை உள்ளவள் என் திரையின் ஓரத்தில் பெயராக நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்! ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்கள்.

எல்லாரும் வணக்கம் சொல்லிக் கலைகிற நேரத்தில் பொத்தானை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்? உள்ளே விட்டேன் என்று எனக்கே ஒரு கணக்குக் காட்டவா?

"வணக்கங்க... நான் தேவகி... கேக்குதுங்களா?"

அவள் பேசப் பேசக் கட்டங்கள் மறைந்தன. கடைசியில் அவளும் நானும் மட்டும் இருந்தோம்.

பிறகு அவள் என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். பழைய பாதைதான் என்று முடிவானதைச் சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம்மேலதான்டி தப்பு. முன்னாடியே வந்து நெட்ட செக் பண்ணியிருக்கணும்" என்றாள். "நைனாகிட்ட இன்னா சொல்றதுன்னே தெரியல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். ஆறுதல் சொன்னேன்! அவள் கும்பிடக் காத்திருந்த வாசலை அடைத்துவிட்டு, அவளுக்கே ஆறுதல் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

அந்த வருடம் அம்மன் தெருமுனையில் திரும்பினாள். முனுசாமி அவர் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு மேளச் சத்தத்தைக் கேட்டிருப்பார். அடுத்த ஊர்வலத்துக்கு அவர் இல்லை.

சில மாதங்கள் கழித்து தேவகி மறுபடி வந்தாள். அவர்கள் தெருப் பிள்ளைகளும் வெளியூர்களில் வேலை பார்க்கிறார்கள், எல்லாரையும் சேர்த்துப் பேசி, ஊர்வலப் பாதைக்காக அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கப் போகிறோம் என்றாள். "கூட்டம் நடத்தறது எப்படின்னு சொல்லிக் குடுடி. உன்னவிட வேற யாருக்குத் தெரியும்?"

மடிக்கணினியின் முன்னால் அவளை உட்கார வைத்தேன். நடத்துகிறவர் அவள். சோதித்துப் பார்க்க என் கைப்பேசியிலிருந்து நான் சேர்ந்தேன். அவள் திரையில் என் பெயர் வந்தது. வசந்தி காத்திருக்கிறார். பக்கத்தில் பொத்தான்.

தேவகி அதையே பார்த்தாள்.

"பேரு இவ்ளோ நல்லா தெரியுதா?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அவளே வாசலைத் திறந்து வைத்துவிட்டாள்... நான் சொல்லவில்லை. "இப்பதான் அப்டேட்டுல மாத்தியிருக்கறாங்க. முன்னல்லாம் சில நேரம் வராது" என்றேன். மறுபடியும் பொய்! மறுபடியும் யோசிக்காமல்!

"ஓ" என்றாள். பொத்தானை அழுத்தி என்னை உள்ளே விட்டாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, "இத எப்படி எடுக்கறது? எங்க கூட்டத்துக்கு இது வேணாம்" என்றாள். எடுக்கக் கற்றுக் கொடுத்தேன். டீ போடப் போனேன். வேலைக்கு நேரமாயிற்று என்று குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் எப்போதாவது "சாப்டியா" என்று செய்தி வருகிறது. "சாப்டேன்டி, நீ?" என்று பதில் போடுகிறேன். அதற்குமேல் என் விரல் போக மறுக்கிறது. நடந்ததை ஒருமுறை முழுவதும் தட்டச்சு செய்தேன். அனுப்பாமல் அழித்தேன்.

இவ்வளவையும் உங்களிடம் எப்படிக் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நீங்கள் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் நைனா படுத்துக்கொண்டு மேளச் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. கேட்க வேண்டியவள் விழுப்புரத்தில் இருக்கிறாள், அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.