கொக்கி இல்லாத மண்டபம்

எங்கள் மகளிர் தொழில்முனைவோர் மாநாடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை மற்றவர்கள் கடைகளை எண்ணிச் சொல்வார்கள். நான் தூளிகளை எண்ணிச் சொல்வேன். முதல் வருடம் நாமக்கல்லில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடினோம். கைக்குழந்தையோடு போனவள் நான் மட்டும்தான். மின்விசிறி மாட்டாத கொக்கி ஒன்று இருந்தது. அதில் புடவையைக் கட்டி மகளைப் போட்டேன். அவள் தூங்கிய அரை மணி நேரத்துக்குள் என் சத்துமாவு வியாபாரத்தைப் பற்றிப் பேசி முடித்தேன். மறு வருடம் மூன்று தூளிகள். அதற்கடுத்த வருடம் கல்யாண மண்டபம், ஏழு தூளிகள். பிறகு, "தூளி கட்ட இடம் உண்டு" என்று அழைப்பிதழிலேயே போட ஆரம்பித்தோம்.

இந்த வருடம் இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சேலம் போகும் சாலையில் புதிய குளிர்சாதன மண்டபம். கழிப்பறையை இரண்டு முறை பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தைக் காலால் அளந்தேன். சாம்பாரை ருசி பார்த்தேன். மாநாட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தறி வைத்திருப்பவள், முதல் முறையாக மேடையேறப் போகிறவள்.

"மூணு மாசக் கொழந்தைங்க. தூளி இல்லாட்டித் தூங்க மாட்டான். எடம் இருக்குங்களா? இல்லைன்னா நான் வரலைங்க."

"இருக்குங்க, வாங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்தக் கூரை நினைவுக்கு வந்தது. வழவழவென்று ஃபால்ஸ் சீலிங். கொக்கியே கிடையாது. அத்தனையும் பார்த்தவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். கடைசியில் எங்கள் குழுவில் மூத்தவரான, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்தும் அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"ஏஞ்சாமி, இதுக்கா இத்தன கவல? இரும்புக் கொழாயில சட்டம் அடிச்சுத் தர்றேன். எத்தன தூளி?"

"பதினொண்ணுங்கக்கா. இல்ல, பன்னண்டு. என் சின்னவனை விட்டுட்டேன். கம்பி தாங்குங்களா?"

"லோடு ஏத்தற லாரிக்கே நாந்தான் பாடி கட்டறேன். உம்மவன் அதுக்கும் மேலயா இருப்பான்?"

மாநாட்டன்று காலை மண்டபத்தை ஒட்டிய அறையில் இரும்புக் குழாய்ச் சட்டங்கள் வந்து இறங்கின. லாரிக்கு அடிக்கிற அதே மஞ்சள், ஓரத்தில் பச்சைப் பூ. லாரிக்குப் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதுகிற பெயிண்டர், இதில் "ஒலி எழுப்பாதீர்" என்று எழுதியிருந்தார். நான் ஒவ்வொரு சட்டத்திலும் தொங்கிப் பார்த்தேன்.

"திருப்தியா? வேணும்னா இன்னொருக்காத் தொங்கு" என்றார் அக்கா.

ஜலகண்டாபுரத்துப் பெண் தன் புடவையைக் கட்டி, மகனைத் தூங்க வைத்துவிட்டு மேடைக்குப் போனாள். அவள் பேச்சின் நடுவில் அவன் சிணுங்கினான். ஓடிப்போய் ஆட்டினேன். கதவிடுக்கில் அவள் குரல் கேட்டது. முதலில் தயங்கியது, பிறகு சிரித்தது, பிறகு நிற்கவே இல்லை.

"நேரம் முடிஞ்சு மணியடிக்க வேண்டியவ இங்க என்ன பண்றே?" என்று அக்கா வந்து நின்றார்.

மணி என் மடியில்தான் இருந்தது. "அடிச்சா எந்திரிச்சுக்குவானுங்கக்கா" என்றேன்.

அவர் மணியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தூளியை ஆட்ட உட்கார்ந்தார்.