உதைக்கும் நொடியில் கேட்ட இடைவேளை

சென்ற திங்கள் காலை, பத்தேகால் மணித் தேநீர் நேரத்தில், மலாக்காவின் பத்து பெரண்டாம் பகுதியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில் இரண்டு இளைஞர்கள் ஒரு கைப்பேசியைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. ஒருவன் பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் அவன் அணிக்கு வெற்றி. எதிரணிப் பயிற்சியாளர் நடுவர் பக்கத்திலேயே நின்று, கடைசி நொடிவரை காத்திருந்து, இடைவேளை கேட்டார். அதற்குள் உதைத்தாகிவிட்டது. பந்து கம்பங்களுக்கு நடுவே சரியாகப் போனது, ஆனால் செல்லாது. மறுமுறை உதைத்தபோது வெளியே போனது.

“இது ஏமாத்து வேலைலா,” என்றான் ஒருவன்.

“ரூல்ஸ்ல இருக்குலா. சம்பளம் வாங்கி உதைக்கிறவனுக்கு ஒரு நிமிசம் நிக்கத் தெரியாதா? உன் கால்ல பந்தே படாது, நீ பேசுற!”

“அண்ணே, நீங்க சொல்லுங்க. டீ குடிக்கிறதுக்கும் டைம் எழுதி வைக்கிற ஆளு நீங்கதான்.”

“சட்டப்படி சரி,” என்றேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு என் பிரிவுக்குத் திரும்பினேன்.

நானும் ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன். அன்றைய நாட்குறிப்பில் மூன்று வரிகள்தான் இருக்கின்றன: இடம், புள்ளிகள், வீடு திரும்பிய நேரம். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பக்கத்து ஊரான செங்கில் ஒரு சமூக மண்டபம். எங்கள் தொழிற்சாலைப் பிரிவுகளுக்கு இடையிலான, வலைக்கு மேலாகப் பிரம்புப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் செப்பாக் தக்ராவ் இறுதி ஆட்டம். தரக்கட்டுப்பாட்டு அணிக்கு நான் மேலாளர். எதிரே ஸ்டோர் அணி. அவர்களுடைய தெக்கோங், அதாவது வட்டத்துக்குள் ஒரு கால் ஊன்றி முதல் உதையைப் போடுபவர், என் தங்கையின் கணவர்.

அவர் ஒப்பந்த ஊழியர். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. வெல்லும் அணி ஜொகூரில் நடக்கும் போட்டிக்குப் போகும். அப்படிப் போகும் ஆட்டக்காரரை நிறுவனம் வெளியே அனுப்புவதில்லை. இது எழுதிவைத்த விதி அல்ல. ஆனால் அதற்கு முன் இரண்டு பேருக்கு அப்படித்தான் வேலை நீண்டது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முதல் நாள் தங்கை போன் செய்து, “அண்ணே, நாளைக்கு நான் கோயில்ல யாருக்கு வேண்டிக்கிறது? நீங்களே சொல்லிடுங்க,” என்று சிரித்தாள். “மழை வராம இருக்க வேண்டிக்க,” என்றேன்.

மூன்றாவது செட்டில் அவர்களுக்கு ஒரு புள்ளிதான் தேவைப்பட்டது. உதை அவருடையது.

அவருடைய இடது முழங்காலைப் பற்றி அந்த மண்டபத்தில் எனக்கு மட்டுமே தெரியும். என் வீட்டில் கீழே உட்கார்ந்து சாப்பிட்டு எழும்போது அது பிடித்துக்கொள்ளும். சுவரைப் பிடித்து அரை நிமிடம் நிற்பார். வேலைக்கு ஆபத்து என்று தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை. களத்தில் அவர் சும்மா நின்றதே இல்லை. நின்றால் முழங்கால் இறுகிவிடும் என்று புள்ளிக்குப் புள்ளி குதித்துக்கொண்டே இருப்பார். என் ஆட்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

எங்களுக்கு ஓர் இடைவேளை மிச்சம் இருந்தது. முந்தின புள்ளி முடிந்தவுடனே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் வட்டத்துக்குள் கால் வைக்கும்வரை, அவருக்குப் பந்தை எறிந்து கொடுப்பவர் கையை உயர்த்தும்வரை காத்திருந்தேன். பிறகு கையைக் காட்டினேன். விசிலும் உதையும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன. பந்து எங்கள் பின்மூலையில், கோட்டுக்கு உள்ளே விழுந்தது. ஸ்டோர் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நடுவர் இரு கைகளையும் அசைத்துச் செல்லாது என்றார்.

ஒரு நிமிடம். அவருடைய அணிக்காரர்கள் அவரைச் சுற்றி நின்று தோளைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னார்கள். அதனால் அவரால் குதிக்க முடியவில்லை. என் ஆட்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

அடுத்த உதை வலையில் விழுந்தது. புள்ளிகள் சமமாயின. அடுத்த இரண்டு புள்ளிகளையும் எடுத்து நாங்கள் வென்றோம்.

என் காரில்தான் வந்திருந்தார், என் காரிலேயே திரும்பினார். தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பேசினார்.

“மச்சான், கால் தெரிஞ்சுதான கேட்டீங்க?”

“ஆமா.”

“ரூல்ஸ்ல இருக்கு. ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

பச்சை விழுந்தது. கியரைப் போட்டேன். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன்; வீடு சேரும்வரை வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வெற்றி பெற்ற மகிழ்ச்சியும் வரவில்லை.

இடைவேளை இரு அணிக்கும் சமமாகவே கொடுக்கப்படுகிறது. அந்த மட்டில் அது நியாயம். ஆனால் ஓய்வுக்காகவும் யோசிப்பதற்காகவும் கொடுத்ததை, நான் ஒருவரைச் சும்மா நிற்கவைக்கக் கேட்டேன். என் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துகொண்டதை வைத்துக் கேட்டேன். அந்த அமெரிக்கப் பயிற்சியாளருக்கு உதைத்தவனின் காலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. எங்கள் இருவருக்கும் நடுவர் ஊதியது ஒரே விசில்.

மாதக் கடைசியில் அவர் பணியாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, ஒரு ஹோட்டலில் காவலர் வேலைக்கான விண்ணப்பத்துடன் தங்கையையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் விண்ணப்பப் படிவம் எல்லாம் நிரப்புவது நான்தான். என் எழுத்து தெளிவாக இருக்கும். மேசையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பினேன். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற கட்டம் வந்தது.

“என்ன மாப்ள எழுத?”

“கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுன்னு எழுதுங்க மச்சான். அதான நடந்தது.”

அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவை அவரிடம் கொடுத்தேன்.