பெரியவனும் சின்னவனும்

நான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு முப்பத்தாறு வயது. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, வேலை தேடிப் போன அலுவலகத்தில் என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு என்னை மொழி வகுப்புக்கு அனுப்பினார்கள். பதினொரு வருடம் மொன்றியலில் இருந்து நான் சேர்த்த பிரெஞ்சு, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் சிகரெட் வாங்கவும் பஸ் ஓட்டுநருக்கு மெர்சி என்று நன்றி சொல்லவும்தான் காணும். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், நோத்ர-டாம்-த-கிரேஸில் பஸ்ஸில் போகும் தூரத்துப் பள்ளிக்கூடமொன்றில் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆசிரியை ஓய்வு பெறும் வயதை நெருங்கிய கெபெக் பெண். உறவுச் சொற்களைப் படிப்பிக்கும்போது அவர் எங்கள் குடும்பங்களைப் பற்றிக் கேட்கவே மாட்டார். முன்னைய வகுப்பொன்றில், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு ஒரு பெண் எழுந்து வெளியே போனவள் திரும்பி வரவேயில்லையாம். அதனால் அவர் கிரேக்கக் கடவுளரின் குடும்பப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். அவர்களுக்காக அழ எங்களில் யாருக்கும் காரணம் இருக்காது என்பது அவர் கணக்கு.

அது ஒரு குடும்பமென்றால் குடும்பம். தகப்பன் பெற்ற பிள்ளைகளை விழுங்குகிறான். தப்பிய மகன் சீயஸ் சொந்தத் தமக்கையைக் கலியாணம் செய்கிறான். ஹேராவுக்கு சீயஸ் யார் என்று ஆசிரியை கேட்டார். தம்பி என்றேன். வேறு என்றார். புருஷன் என்றேன். வகுப்பு சிரித்தது. இந்த வீட்டுக்குச் சம்பந்தம் பேச எந்தத் தரகரும் படியேற மாட்டார் என்று சொல்லத்தான் என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

மாசியில் ஒருநாள் ஆசிரியை திரோய்ப் போருக்குப் போன வீரர்களைப் பற்றிச் சொன்னார். ஒரே படையில் அஜாக்ஸ் என்ற பெயரில் இரண்டு பேர். தகப்பன்மார் வேறு. ஆட்கள் குழம்பாமலிருக்க ஒருவனைப் பெரியவன் என்றும் மற்றவனைச் சின்னவன் என்றும் சொன்னார்களாம். கையை உயர்த்தி, எனக்கும் ஒரே பெயரில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள், அவர்களும் பெரியவனும் சின்னவனும்தான் என்றேன்.

ஒரே வீட்டில் எப்படி என்று அவர் கேட்டார். ஒருவன் என் அம்மாவின் பிள்ளை, மற்றவன் சித்தப்பாவின் பிள்ளை என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு சகோதரன்தான், மற்றவர் கசின் என்று திருத்தினார். இரண்டு பேரும் என் தம்பிமார்தான் என்று நான் விடாமல் நின்றேன். கடைசியில் அவர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, சரி என்பதுபோல் தலையாட்டினார்.

அம்மாவும் சித்தியும் ஆண்பிள்ளை வேண்டுமென்று ஒரே கோவிலில் நேர்ந்தவர்கள். அம்மாவின் பிள்ளை தையில் பிறந்தான், சித்தியின் பிள்ளை அதே வருடம் சித்திரையில். நேர்ந்தபடி சாமியின் பெயரை வைத்தே ஆகவேண்டும் என்று இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். வெளியே ஒரே பெயர், வீட்டுக்குள் பெரியவன், சின்னவன். அப்பாவின் பெயரும் சித்தப்பாவின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் முதலெழுத்தும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் செய்த குழப்படிக்கு மற்றவன் அடி வாங்குவான்.

அந்த மாசியில் இருவரும் இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். பல வாரங்களாகத் தொடர்பில்லை.

பெரியவன் அங்கே இருந்ததற்கு நான்தான் காரணம். அப்பா இறந்தபின் அம்மாவையும் அவனையும் இங்கே கூப்பிடுவதற்கான படிவங்கள் ஒன்றரை வருடம் என் குளிர்சாதனப் பெட்டியின் மேலே கிடந்தன. தனியாக இருந்த சுகத்தை விட மனமில்லை, வேறொன்றுமில்லை. நான் அனுப்பியபோது தாயோடு சேர்த்துக் கூப்பிடும் வயது அவனுக்குக் கடந்துவிட்டது. அம்மா மட்டும் வந்தார். ஒருநாளும் அவர் என்னைத் திட்டியதில்லை. நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் ஒருதரம் பார்ப்பார், பிறகு சோறு போடுவார்.

அந்த இரண்டு அஜாக்ஸும் என்ன ஆனார்கள் என்று வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் கேட்டேன். சொல்ல அவருக்கு விருப்பமில்லை. பெரியவன் போர்க்களத்திலேயே தன்னை மாய்த்துக்கொண்டான், சின்னவன் ஊருக்குத் திரும்பும் வழியில் கடலில் போனான். பெரியவனுக்குத் தியூசர் என்று ஒரு தம்பி, வேறு தாயின் மகன். அவன் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தான். தமையன் இல்லாமல் வந்தவனைத் தகப்பன் வீட்டுக்குள் எடுக்கவில்லை. அன்று நான் சேர்புரூக் வீதியில் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்து என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

வைகாசியில் போர் முடிந்தது. ஆனியில் வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில் இருப்பவர்களின் பட்டியல் கைமாறி வந்தது. நாற்பது பக்கத்தையும் வகுப்புக் கணினியில் விரல் வைத்து வாசித்தேன். இருபத்தெட்டாம் பக்கத்தில் எங்கள் முதலெழுத்து, அந்தப் பெயர், வயது இருபத்தேழு, ஆண். ஒரே ஒருதரம் இருந்தது. நாற்பது பக்கத்தையும் திரும்ப இரண்டுதரம் வாசித்தேன்.

பட்டியலில் பெரியவன், சின்னவன் என்று போடுவார்களா?

இங்கேயே, கர்க்லாண்டில் மகள் வீட்டில் இருக்கும் சித்திக்கும் அதே பட்டியல் போயிருந்தது. அவர் தொலைபேசியில் அம்மாவிடம், தன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொன்னார். அது என்னுடைய பிள்ளை என்று அம்மா சொன்னார். அதன்பின் இருவரும் கதைக்கவில்லை. முப்பது வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். அம்மா விளக்குக்கு முன் நின்று முணுமுணுப்பதைக் கேட்பேன். நானும் வேண்டினேன். சின்னவன் சாகவேண்டும் என்று நான் வேண்டவில்லை. ஆனால் நான் வேண்டியதற்கு வேறு பொருள் இல்லை, அது எனக்குத் தெரியும்.

முகாமுக்குள் போய்வரும் ஒருவரைப் பிடித்து, அவருடைய கைத்தொலைபேசியில் கதைக்க ஒழுங்கு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோபாவின் ஒரு மூலையில், அவர் மறுமூலையில். தேத்தண்ணி இரண்டும் ஆறிப்போயின. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். குரல் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன்.

"தம்பி, உன்னை வீட்டில என்னெண்டு கூப்பிடுறவை?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். குழந்தையொன்று அழுதது. கேட்கிறதா என்றேன். கேட்கிறது அண்ணை என்றான். அது பெரியவனின் குரலும் இல்லை, சின்னவனின் குரலும் இல்லை என்று அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் தகப்பனின் பெயரைக் கேட்டேன். எங்கள் எழுத்திலேயே தொடங்கும், எங்களுக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொன்னான்.

அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"நீங்கள் என்னெண்டு கூப்பிட்டாலும் சரி, அண்ணை. எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை," என்றான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேசையில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் கை எப்போது அம்மாவின் மடிக்கு வந்தது என்று தெரியவில்லை.

"எங்கட பிள்ளையள் இல்லை. வை," என்றார் அம்மா.

வைத்துவிட்டேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, யார்மேல் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து ஒளித்து அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் எடுத்தேன். பெரியவனோ சின்னவனோ பிறகு வந்த எந்தப் பட்டியலிலும் இல்லை.

மாத முடிவில் வாய்மொழித் தேர்வு. கேள்வித்தாள் மேலிடத்திலிருந்து வந்தது, அதை மாற்ற ஆசிரியைக்கு அதிகாரம் இல்லை. முதற்கேள்வியை அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார். உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்?

மூன்று பேர் என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தமுறை திருத்தவில்லை. தாளில் மூன்று என்று எழுதிக்கொண்டார். அவர்களின் பெயர்கள் என்ன என்பது அடுத்த கேள்வி. அதையும் அவர் வாசிக்க வேண்டியிருந்தது, வாசித்தார்.

நான் அந்த ஒரே பெயரை மூன்றுதரம் சொன்னேன்.