அந்தோனியாருக்குப் போன வாடகை

வெளிநாட்டில் மலிவாகவும் வசதியாகவும் தங்குவது எப்படி என்று என்னைக் கேட்டால் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசுவேன். அந்தப் பொருளில் நான் நிறைய வாசித்திருக்கிறேன். என் மனைவியைக் கேட்டால் ஒரே வசனத்தில் முடித்துவிடுவாள்: "இவர் பிடிக்கிற அறையில மட்டும் தங்காதேங்கோ."

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம். வெளிநாடு என்றால் இந்தியா. தலைமன்னார் முனையில் போய் நின்றால் எங்கள் கைத்தொலைபேசிகள் இந்திய அலைவரிசையைப் பிடித்துத் தாமாகவே இந்தியாவுக்குப் போய்விடுகின்றன. மனிதர்கள் போவதென்றால் மட்டும் இந்தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து விமானம் பிடிக்க வேண்டும். மகன் கனடாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வேளாங்கண்ணி மாதாவிடம் வருவதாக அவள் நேர்ந்திருந்தாள். அவன் போய்ச் சேர்ந்தான். நாங்களும் புறப்பட்டோம்.

அறை பிடிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். உண்மையான பயணி விளக்குப் போட்ட பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்கமாட்டான், சந்துக்குள் போய் விசாரிப்பான் என்று எங்கோ படித்திருந்தேன். சந்துக்குள் போய் விசாரித்தேன். கிடைத்த அறை மலிவு என்பதில் இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. மின்விசிறியின் ஆளி பக்கத்து அறையில் இருந்தது; பக்கத்து அறைக்காரருக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. கதவின் உட்புறம், தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில், தாழ்ப்பாள் இருந்ததற்கான துளைகள் இருந்தன. அவள் பயணப்பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்து, விடியும்வரை செபமாலை சொன்னாள். நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை அவள் இன்னும் மறக்கவில்லை.

காசை நான் காத்த விதமும் புத்தகப்படிதான். காற்சட்டையின் இடுப்புக்கு உட்புறமாக ஒரு பை தைத்து நோட்டுகளை அதற்குள் வைத்திருந்தேன். கள்வர் எவராலும் அதை நெருங்க முடியவில்லை, என்னாலும்தான். ஒரு தேநீருக்குக் காசு கொடுக்க வேண்டுமென்றாலும் முதலில் கடைக்காரரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. அடிக்கடி போய்வந்த கடையில் ஒருநாள் அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "சாருக்கு சுகருங்களா?" என்று அன்போடு விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிச் சர்க்கரை இல்லாத தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பும் வழியில் மன்னார்ப் பாலத்தில் வைத்து அவள் சொன்னாள். "அடுத்தமுறை மாதாவிட்டப் போகேக்க என்ர காசில போவன். உள்ளுக்குப் பூட்டுற அறை ஒண்டு நானே பாத்து எடுப்பன். நீங்கள் வேணுமெண்டால் கூட வாங்கோ."

இதில் "என்ர காசு" என்பதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கென்று காசு எதுவும் இருந்ததில்லை. என் கந்தோர்ச் சம்பளம் வரும், அதற்குக் குடும்பம் என்று பெயர் வைப்போம், அது முடிந்துவிடும்.

அவள் கண் மகனுடைய அறையில் விழுந்தது. மன்னாரில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில், வீட்டோடு ஒட்டியபடி, தனிவாசலோடு கட்டிய அறை. அவன் போன பிறகு என் புத்தகங்கள் அதில் குடியிருந்தன. கடல்நீரேரியில் பூநாரைகள் இறங்கும் காலத்தில் அவற்றைப் பார்க்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க வேறு சிலர் வருகிறார்கள். எல்லோரும் எங்கேயோ படுக்கத்தானே வேண்டும் என்றாள். சேலை ஒன்றும் எடுக்காமல் ஒரு வருடம் சேர்த்துச் சீட்டுப் போட்டு, அந்தக் காசில் அறைக்குக் குளியலறை கட்டினாள். கதவுக்கு உட்பக்கத்தில் ஒரு பெரிய பித்தளைத் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாளைப் பொருத்திய தச்சர் இது வங்கிக்குப் போடுகிறது என்று சொன்னாராம். என் புத்தகங்கள் குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போயின. இப்போது எந்த நாவலைத் திறந்தாலும் கதாநாயகி வரும் இடத்தில் பாரைக் கருவாடு மணக்கிறது.

கனடாவில் இருந்தபடியே மகன் அறையை இணையத்தளத்தில் ஏற்றிவிட்டான். ஒரு நாள் வாடகை இவ்வளவு, சாப்பாடு இல்லை, போகும்போது காசாகக் கொடுக்கலாம் என்று அதில் தெளிவாக இருந்தது.

முதலில் வந்தவர்கள் குளிர்நாட்டு வயோதிபத் தம்பதி. இருவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர்கள். என் ஆங்கிலம் பழைய நாவல்களில் இருந்து எடுத்தது. நான் வரவேற்ற விதத்தைக் கேட்டு அந்த அம்மா எனக்கு முழங்காலை மடித்து வணங்கப் பார்த்தார். கணவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. வழியில் செவ்விளநீர் வாங்கிய மனிதர், காசு எடுப்பதற்குச் சுவரின் பக்கம் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்திருக்கிறோம்.

சாப்பாடு இல்லை என்ற ஏற்பாடு முதல் மத்தியானமே முடிந்துபோனது. இருவரும் அறைவாசல் படியில் உட்கார்ந்து பாணைப் பிய்த்து வாழைப்பழத்தோடு தின்றுகொண்டிருந்தார்கள். குசினியில் நண்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் யன்னலால் ஒருமுறை பார்த்தாள், இன்னொருமுறை பார்த்தாள், பிறகு அகப்பையை வைத்துவிட்டுப் போய் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேசையில் இருத்தினாள். அன்றிலிருந்து அவர்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். நண்டை எப்படி உடைப்பது என்று அவள் சைகையால் காட்டினாள். அந்த அம்மா சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார்.

இதனால் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் புறப்படும் நாளுக்கு முந்தின பின்னேரம் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சோறு போட்ட கையை நீட்டி நான் காசு வாங்கமாட்டன். நீங்கள் வாங்குங்கோ."

"நானும் ஒண்டா இருந்துதானே சாப்பிட்டனான்?"

"சாப்பிட்ட கைக்கு வெக்கமில்லை. போட்ட கைக்குத்தான்."

இந்த இடத்தில் எங்கள் ஊரில் காசு கைமாறும் முறையைச் சொல்லிவிட வேண்டும். பழகியவர் காசை நீட்டினால் உடனே வாங்கக் கூடாது. அப்படி வாங்குகிறவன் காசுக்காகவே பழகினவன் ஆகிவிடுவான். முதல்தரம் நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டாம்தரம் நீட்டினால் கோபித்துக்கொள்ள வேண்டும். அதற்குமேலும் நீட்டினால், "எனக்கு வேண்டாம், அந்தோனியாருக்குப் போடுங்கோ" என்று சொல்ல வேண்டும். புனித அந்தோனியாரின் பெயர் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கொடுக்கிறவர் காசை வாங்குகிறவரின் சட்டைப்பையில் திணித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். தச்சர் முதல் ஓட்டோக்காரர் வரை எல்லோரும் இப்படித்தான். இவ்வளவு காலத்தில் இந்தப் பேச்சால் அந்தோனியாருக்கு ஒரு சதமும் போனதாக நான் அறியவில்லை.

அடுத்தநாள் காலை அந்த மனிதர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கடித உறையை நீட்டினார். நான் கையை இழுத்தேன். அவர் மறுபடி நீட்டினார். எங்களுக்குள் என்ன காசு என்று ஆங்கிலத்தில் கோபித்துக்கொண்டேன். பழைய நாவல் ஆங்கிலத்தில் கோபம் மிக உருக்கமாக வருகிறது. அவர் தடுமாறிப்போய், அப்படியானால் இதை நான் என்ன செய்வது என்று கேட்டார். முறைப்படி கேட்கிறார் என்று நினைத்தேன். வாசலுக்கு எதிரே சந்தியில் உண்டியலோடு இருக்கும் அந்தோனியார் கெபியை, அந்தச் சிறு குகைக்கோயிலை, கைநீட்டிக் காட்டி, வேண்டுமானால் அவருக்குப் போடுங்கள் என்றேன். சட்டைப்பையைச் சற்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டும் நின்றேன்.

அவர் என் கண்களை நெடுநேரம் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்தார். அவருடைய மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் தெருவைக் கடந்து கெபிக்குப் போனார்கள். உண்டியலின் வாய் சில்லறைக்கு வெட்டியது, உறை உள்ளே போகவில்லை. அவர் நோட்டுகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக நான்காய் மடித்து, உள்ளே விட்டார். ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டது. அந்த அம்மா தன் தலைமுடி ஊசியைக் கழற்றி அதையும் தள்ளிவிட்டார்.

வழிக்கென்று கட்டிய சோற்றுப் பார்சலோடு என் மனைவி வாசலில் நின்றாள். அவர்கள் போகும்வரை சிரித்த முகமாக இருந்தாள். ஓட்டோ திரும்பி மறைந்த பிறகு பார்சல் கொடுத்த கையைச் சேலையில் துடைத்தாள்.

"அந்தோனியார் காணாமல் போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர்தானே," என்றாள். "போய்க் கேளுங்கோ, என்ர வாடகை எங்கயெண்டு."

மாலையில் அவளே கெபிக்குப் போனாள். மெழுகுதிரி கொளுத்தும்போது அவள் சொன்னது தெருவின் இந்தப் பக்கம் வரை கேட்டது. அந்தக் காசு இவர் தந்தது, நான் தரவில்லை, ஆனபடியால் அது கடன் என்று அறிவித்துவிட்டு வந்தாள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நன்றியுள்ள விருந்தாளியைப் போல் ஆபத்தானவர் வேறு யாரும் இல்லை. அவர்கள் ஊருக்குப் போய் இணையத்தளத்தில் எங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்கள். படுக்கையைப் பற்றி ஒரு வரி, நண்டைப் பற்றி ஒரு பந்தி, மிச்சமெல்லாம் என்னைப் பற்றி. இந்த வீட்டுக்காரர் விருந்தினரிடம் ஒன்றும் வாங்குவதில்லை, வாடகை முழுவதும் எதிரேயுள்ள புனிதருக்குத்தான், உண்டியலின் வாய் சிறியது, நோட்டை நான்காய் மடியுங்கள் என்று குறிப்பும் இருந்தது. மகன் அதைத் தமிழாக்கி அனுப்பி, அப்பா பெருமையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தான்.

அடுத்து வந்தவர்கள் பட்டக்கார இளைஞர்கள். அவர்களிடம் நான் எந்தப் பாவனையும் காட்டுவதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன். பாவனைக்கு இடமே இருக்கவில்லை. புறப்பட்ட அன்று காலையில் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நேரே கெபிக்குப் போனார்கள். நான் முற்றத்தில் கையை அரைவாசி நீட்டியபடி நின்றேன். அந்த வழியால் போன மீன் வியாபாரி நான் மழை வருகிறதா என்று பார்ப்பதாக நினைத்து, இண்டைக்கு வராது ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்டியலைத் திறந்தவர்கள் திகைத்து, ஊரில் விசாரித்து, பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல்களோடு எங்களுடைய செய்தியும் வந்தது. கடல் கடந்து வருகிற காசைத் தாங்கள் தொடாமல் புனிதருக்கே விடுகிற ஒரு குடும்பம் நம் நடுவே இருக்கிறது என்றார். சனம் திரும்பிப் பார்த்தது. என் மனைவி சேலைத் தலைப்பை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்ன தாழ்ச்சி என்று பின்வரிசையில் யாரோ மெச்சியது எனக்குக் கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு அவள் பல்லைக் கடித்ததும் கேட்டது.

இனி எங்கள் ஊரில் அவளால் வெளிப்படையாக வாடகை வாங்க முடியாது. வேளாங்கண்ணி போன பயணத்தைவிடத் தூரமாகிவிட்டது. சில நாட்கள் அவள் அறையைக் கூட்டவும் இல்லை. பித்தளைத் தாழ்ப்பாளில் பச்சை ஏறத் தொடங்கியது. அடுத்த விருந்தினர் வருகிறார்கள் என்று மகன் செய்தி அனுப்பியபோது, இந்த அறையில் உங்கள் புத்தகங்களையே கொண்டுவந்து போடுங்கள் என்றாள். அவள் வாயில் அப்படி ஒரு சொல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம், கருவாட்டோடு அவை பழகிவிட்டன என்றேன்.

பிறகு ஒருநாள் மன்னார்ச் சந்தைக்குப் போனவள் பெரிய மண் உண்டியல் ஒன்றோடு வந்தாள். அதன் வயிற்றில் வேளாங்கண்ணி மாதாவின் படத்தை ஒட்டினாள். மேலே உள்ள வாயை அரத்தால் தேய்த்து அகலமாக்கினாள். நோட்டை மடிக்கவே தேவையில்லை. அதை விருந்தினர் அறை மேசையில் வைத்து, அறை வாடகை வேளாங்கண்ணிக்கு என்று ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். ஆனால் மனம் உறுத்தியது.

"இஞ்சாரும், இது பாவமில்லையோ?"

"என்ன பாவம்? வேளாங்கண்ணிக்குத்தானே போகுது."

"அது போகும். ஆனால்…"

"காசு தானா நடந்து போகுமோ? ஆரும் கொண்டுதானே போகவேணும்."

எழுதிய தாளை உண்டியலில் சாய்த்து வைத்தேன். அந்த உண்டியல் வந்த பிறகு நீட்டிய கையும் இல்லை, பின்னுக்கு இழுத்த கையும் இல்லை. சோறு போட்ட கைக்கும் வெட்கமில்லை. விருந்தினர் புறப்படும் நேரத்தில் என்னைப் பேசாலை ஊருக்கு ஏதாவது வாங்கிவர அனுப்பிவிடுவாள். இன்னமும் சிலர் கெபிக்கும் போய் ஏதோ போடத்தான் செய்கிறார்கள். அதை அவள் வட்டி என்கிறாள். யார் யாருக்குக் கொடுக்கும் வட்டி என்று நான் கேட்கவில்லை.

உண்டியல் நிரம்பியதும் உடைத்தாள். இப்போது காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நாகப்பட்டினத்தில் இறங்கலாம். மன்னாரில் இருந்து பார்த்தால் இதுவும் எதிர்த்திசைதான், ஆனாலும் கடல் வழி. அவள் காசைக் கைப்பையில் சாதாரணமாக வைத்திருந்தாள். எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்குப் புதுமையாக இருந்தது.

வேளாங்கண்ணியில் அவள் விளக்குப் போட்ட பெயர்ப்பலகை உள்ள விடுதிகளுக்கு மட்டுமே போனாள். ஒவ்வொன்றிலும் வாடகையைக் கேட்பதற்கு முன் அறையைத் திறக்கச் சொல்லி, உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிடித்த விடுதியில் வரவேற்பு மேசைக்காரரிடம் காசை நீட்டினாள். அவர் முகத்தை நிமிர்த்தாமலே வாங்கி, விரலை நாக்கில் தொட்டு எண்ணி, லாச்சிக்குள் போட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார்.

அவள் என்னைப் பார்த்தாள். "பாத்தீங்களோ, மனுசன் என்ன மரியாதையா வாங்கினார்."

மாடிக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"தள்ளிப் பாருங்கோ," என்றாள் உள்ளேயிருந்து.

பெட்டிகளை வைத்துவிட்டுத் தள்ளினேன்.

"இன்னும் பலமா."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். எதிர் அறைக்காரர் கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கதவு அசையவில்லை. உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. திறக்கிற எண்ணம் அவளுக்கு உடனே இருந்ததாகத் தெரியவில்லை. நான் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன்.