சேத்தூருக்கு எட்டாம் இடம்

அந்தப் பட்டியலில் நான் பொய் எழுதினேன். தவறிப்போய் அல்ல... தெரிந்தே எழுதினேன்.

பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்துக்கு ஒரு பட்டியல், அதில் ஒரு பொய், இதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு சிறிய கடை. விளையாட்டுப் பனியன்களில் பெயரும் எண்ணும் அச்சடித்துக் கொடுப்பேன். இளவயதில் நானும் பந்தோடு ஓடியவன்தான். முழங்கால் போன பிறகு வாய் மட்டும் மிச்சம். இந்த ஊரில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளி விடாமல் விடிகாலையில் பைக்கில் போய், பயிற்சியைப் பார்த்து எழுதுகிறவன் நான் ஒருவன்தான். போட்டிகள் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது எட்டு அணிகளையும் வரிசைப்படுத்தி, அணிக்கு ஒரு வரி விமர்சனத்தோடு வாட்ஸ்அப்பில் போடுவேன்.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். போகப்போக அது சட்டமாகிவிட்டது. சீட்டுக் குலுக்கினால் மனத்தாங்கல் வருகிறது என்று பி.டி. மாஸ்டர்கள் என் பட்டியலை வைத்தே ஆட்டங்களைப் பிரித்தார்கள். முதல் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் முதல் நாள் காலையில் முதல் ஆட்டம். மற்றவை அதற்குப் பிறகு. தோற்ற அணி அதோடு வெளியே.

ஐந்து வருடங்களுக்கு முன் சேத்தூரிலிருந்து ஒரு புது அணி வந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. நான் போய்ப் பார்த்தேன். மண் தரை, பலகையில் வலையில்லாத ஒரு வளையம். அங்கேதான் முத்துமாரியைப் பார்த்தேன்.

அந்தத் தரையில் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவள் கை முழங்காலுக்கு மேலே எழும்பவே இல்லை. பந்து தரையை விட்டுக் கிளம்புவதற்குள் அவள் கையில் இருந்தது. மூன்று பேர் சேர்ந்து மறித்தும் பறிக்க முடியவில்லை! என் ஆயுளில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? நான் ஒரு வரிகூட எழுதாமல் பைக்கைக் கிளப்பினேன்.

ஏனென்றால் என் மகள் ஸ்டெல்லாவும் அதே இடத்தில் ஆடுகிறவள். பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம். அந்த வருடம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்றும், அந்த இடத்துக்கு ஒரே ஒரு பெண்தான் தேவை என்றும், பனியன் வாங்க வந்த ஒரு மாஸ்டர் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொன்னார். "அவிய மதியத்துக்கு மேலதான் வருவாக. காலைல நடக்கிறத பாக்க மாட்டாக."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள்.

"அப்பா, சேத்தூர்ல ஒரு பிள்ள நல்லா ஆடுதான்னு சொல்லுதாகளே. நெசமா?"

"சுமார்தான்" என்றேன்.

நேர்மையாகப் போட்டிருந்தால் சேத்தூருக்கு மூன்றாம் இடம். ஆட்டம் சாயங்காலம் வந்திருக்கும். நான் எட்டாம் இடம் போட்டேன். ஏன் எட்டு என்று யாராவது கேட்பார்களே... அதற்காக அந்த ஒரு வரியை எழுதினேன்: 'மண் தரையில் பழகிய கால்கள், சிமெண்டில் நிற்காது.'

எவ்வளவு அழகான வரி பாருங்கள்! நாலு பேர் கைதட்டும் படம்கூடப் போட்டார்கள். பொய்யை இத்தனை லட்சணமாக எழுத எனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில், சிமெண்ட் தரையில். புள்ளிகள் எழுதும் மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கியதுமே முத்துமாரி ஒருமுறை வழுக்கினாள். யாராக இருந்தாலும் வழுக்குவார்கள், ஸ்டெல்லாவும் அன்று வழுக்கினாள். ஆனால் முத்துமாரி எழுந்து தன் கால்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்கக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேத்தூர் மாஸ்டர் என் பட்டியலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருந்தாராம். அதை அவள் எத்தனை தடவை படித்தாளோ...

பத்தரை மணிக்கு அவர்கள் தோற்றுப் பஸ் ஏறிவிட்டார்கள். தேர்வாளர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். ஸ்டெல்லா நன்றாகவே ஆடினாள். அவளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது விளையாட்டுக்காகவே கிடைத்த இடத்தில் கல்லூரியில் படிக்கிறாள்.

மாதாகோயிலில் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு, ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் வாரத்துப் பெரிய வியாழனுக்கு முன்னால் போகிறேன். கோபத்தைச் சொல்கிறேன், பொறாமையைச் சொல்கிறேன். 'யார்மேல், எதற்கு' என்று சாமியார் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? மன்னித்தேன் என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அதனால்தான் போலிருக்கிறது.

போன மாதம் முத்துமாரி கடைக்கு வந்தாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தெரியாதவன் போல நின்றேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் தன் பழைய பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். பத்துப் பனியன் வேண்டும் என்றாள்.

"நீ ஏம்மா வெளையாட்ட விட்டுட்ட?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்! அந்த வாயை என்ன செய்வது?

"நீங்கதான் எழுதுனீகளே சார், சிமெண்ட்ல நிக்காதுன்னு. மொத ஆட்டத்துலயே தெரிஞ்சு போச்சு. உள்ளத சொன்னீக, அம்புட்டுத்தான்." சிரித்துக்கொண்டே சொன்னாள். "அதான் இந்தப் பிள்ளைகள மண்ணுலயே விடுறதில்ல. விடியக்காலம் பஞ்சாயத்து சிமெண்ட் ரோட்டுல வச்சுத்தான் ஆட விடுதேன். முட்டியெல்லாம் தேஞ்சு கெடக்குக. ஆனா நான் பட்டத அதுக படக் கூடாதுல்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்...

"நம்பர் எதுலருந்து போடணும்?" என்று கேட்டேன்.

இந்த வருடப் பட்டியலுக்காகச் சேத்தூர் போனேன். முழங்காலில் காய்ப்பு ஏறிய பத்துப் பிள்ளைகள் ரோட்டில் வரிசையாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டில் பந்து ஒரே சீராக எழும்பிக் கைக்கு வருகிறது. அதனால் அவர்கள் கை இடுப்புக்கு மேலேயே நிற்கிறது. எதிரணிப் பெண் எவளானாலும் ஒரு தட்டில் பறித்துக்கொண்டு போய்விடுவாள். முத்துமாரியின் கையில் இருந்த அந்த வித்தையைக் கொடுத்தது மண்தான். மண்ணை விட்டு அவர்களை விரட்டியது என் வரி.

மற்ற ஏழு அணிகளையும் பார்த்துவிட்டேன். நேர்மையாக எழுதினால் சேத்தூருக்கு எட்டாம் இடம். இந்த முறை அது உண்மை.

'மண்ணுக்குத் திரும்புங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அன்று அப்படிச் சொன்னீர்களே என்று முத்துமாரி கேட்பாளே? அவளிடம் உண்மையைச் சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் ஸ்டெல்லாவுக்குத் தெரியும். தன் இடம் எப்படி வந்தது என்று அவள் என்னிடம் கேட்கும் நாளை நினைத்தாலே எனக்குக் கை ஓடவில்லை.

இன்று காலை முத்துமாரியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"சார், லிஸ்ட் எப்ப போடுவீக? எத்தனாவதா இருந்தாலும் பரவால்ல. என்ன குறைன்னு மட்டும் ஒரு வரி எழுதிருங்க. அத வச்சுத் திருத்திக்கிடுவோம்."

நான் எதை எழுதினாலும் திருத்திக்கொள்வாள். அப்படித்தான் நம்புகிறாள் என்னை. ஏழு அணிகளுக்கும் எழுதி முடித்துவிட்டேன்; சேத்தூர் என்ற பெயருக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.