கயலுக்குப் பருப்பு ஆவாது

சீக்குப் புள்ளைக்குத் தாயா இருக்குறதும் ஒரு உத்தியோகந்தாங்க. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரிங்க மட்டும் ஊரு முழுக்க. இதே வேலையில மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல.

என் மக கயலுக்குப் பொறவியிலேயே ஈரல்ல ஒரு குறை. பால், பருப்பு, முட்டை, கறி இதெல்லாம் செரிச்ச பிறகு மிஞ்சுற கழிவை அந்த ஈரலால சுத்தம் பண்ண முடியாது. அது ரத்தத்துல சேந்து மூளைக்கு ஏறுனா புள்ளை மயங்கிடும், உசுருக்கே ஆபத்து. இதை ஊருக்கு விளக்க நான் படிச்ச அஞ்சாங்கிளாஸ் போதல.

வராத காமாலை

ஜெயங்கொண்டத்துல பஸ் ஏறுனதும் பக்கத்து சீட்டு அம்மா, புள்ளைக்கு என்னன்னு கேட்டாங்க. ஈரல்ல குறைன்னு சொன்னதுதான் தாமசம், கீழாநெல்லியை மோருல அரைச்சுக் குடுக்குற பக்குவத்தை ஆண்டிமடம் வர்ற வரைக்கும் பாடம் நடத்துனாங்க. நான் தயங்கித் தயங்கி, "காமாலை இல்லீங்க, கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு"ன்னேன். கயலோட இமையை இழுத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க: "வெளிய வரலன்னா என்ன, உள்ளாற இருக்கும்."

முட்டை தானம்

எங்க நாத்தனாருக்கு இளகுன மனசு. நான் துணி துவைக்கப் போன நேரமாப் பாத்து கயலுக்கு அவிச்ச முட்டை ரெண்டு ஊட்டிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள வாந்தி, கண்ணு சொருகிடுச்சு. பெரம்பலூரு, அங்கேர்ந்து திருச்சின்னு தூக்கிட்டு ஓடுனோம். புள்ளை கண்ணு முழிச்ச பிறகு நாத்தனாரு ஆசுபத்திரிக்கு வந்தாங்க. மன்னிப்புக் கேக்கத்தான்னு நீங்களும் நினைச்சிருப்பீங்க. "பாத்தியா, ரெண்டு முட்டைய தாங்க முடியாத அளவுக்குப் புள்ளையக் காயப் போட்டிருக்க!"

எந்த ஆளுங்க ஈரல்?

திருச்சியில எழுதிக் குடுத்து அனுப்புன சென்னை டாக்டர் புதுசா ஒரு வைத்தியம் சொன்னாரு. முழு ஈரலை மாத்தாம, செத்துப்போனவங்க வூட்டுல தானமாக் குடுத்த ஈரல்லேர்ந்து உசுருள்ள செல்லுங்களை மட்டும் பிரிச்செடுத்து, கயல் ஈரலுக்குப் போற ரத்தக்குழாய்ல மெல்ல ஏத்துவாங்களாம். புடிச்சுக்கிட்டா, இவ ஈரல் செய்யாத வேலையை அதுங்க செய்யும்.

"நாத்து நடுறாப்புலயா சார்? எல்லாம் பச்சை புடிக்குமா?"ன்னாரு என் வூட்டுக்காரரு. கொஞ்சம் புடிச்சாலே போதும், ஆனா எவ்வளவு காலம் தாங்கும்னு உறுதி இல்ல, பின்னாடி முழு ஈரலே மாத்தவேண்டி வரலாம்னு டாக்டர் ஒளிக்காம சொன்னாரு.

ஊருக்கு வந்ததும் பெரியம்மா விசாரிக்க வந்தாங்க. புள்ளை பொழைக்குமான்னு கேக்கல. குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க: "ஈரல் குடுக்குறவங்க எந்த ஆளுங்கன்னு விசாரிச்சியாடி?"

ஒரு கரண்டி பருப்பு

டெலிபோன் பூத்துக்காரரு சைக்கிள்ல வந்து, தானம் கெடைச்சிருச்சாம், சென்னைக்குக் கூப்புடுறாங்கன்னு சேதி சொன்னாரு. போனோம், ஏத்துனாங்க. உடம்பு அந்தச் செல்லுங்களைத் தள்ளாம இருக்கத் தினமும் மாத்திரை. பிறகு ஒருநாள் ரத்தத்தைச் சோதிச்சுட்டு, "செல்லு வேலை செய்யுதும்மா, கொஞ்சமா பருப்பு குடுத்துப் பாருங்க"ன்னாரு டாக்டர். பஸ்ஸுல வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன்.

வூட்டுக்கு வந்து, அவ பொறந்த பிறகு முதல் தடவையா அவ சோத்துல ஒரு கரண்டி பருப்பு ஊத்துனேன். கயல் கையை வைக்குறதுக்குள்ள நாத்தனாரு ஓடியாந்து தட்டைப் புடுங்கிட்டாங்க: "அடிப்பாவி, பெத்தவதானா நீ? புள்ளைக்குப் பருப்பு ஆவாதுன்னு ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

ஈரல்ல நட்டது பச்சை புடிக்குமோ புடிக்காதோன்னு பயந்துக்கிட்டிருந்த எனக்கு, ஊரு மண்டையில நட்டது இம்புட்டு ஆழமா வேர் புடிச்சிருக்கும்னு எந்த டாக்டரும் சொல்லவே இல்ல.